யார் பெயரால்

“பயம் வந்தா நீங்க யாரக் கூப்புடுவீங்கக்கா?” என்று மயிலா ஒரு நாள் திராவிடச்செல்வியிடம் கேட்டாள்.

சாயப்பட்டறையில் தேநீர் நேரம். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். பவானிப் பக்கத்தில் செல்வியின் அப்பா கதிரோனைத் தெரியாதவர்கள் கிடையாது. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, கடவுள் இல்லை என்று ஊர் ஊராகப் பேசியே தலை நரைத்தவர். மகளுக்கு அப்படியொரு பெயரை வைத்ததும் அவர்தான். ஊர் அதை செல்வி என்று சுருக்கிக்கொண்டது.

“நாங்க முருகாங்கறோம், மாரியாத்தாங்கறோம். உங்களுக்குத்தான் அந்த வசதி இல்லீங்களே,” என்றாள் மயிலா. கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“எங்கப்பாவக் கூப்புடுவேன்.”

“அவரு எங்காச்சும் மேடையில பேசிக்கிட்டிருந்தா?”

“அப்ப உன்னத்தான் கூப்புடோணும்.”

“கூப்புடுங்க. கையில இருக்கற துணியப் போட்டுட்டு ஓடியாந்தர்றேன்.”

அந்த வருடமே மயிலா உலர்த்தும் அறைக்குள் வெந்து செத்தாள்.

அதிகாரிகள் சோதனைக்கு வந்த நாள் அது. மயிலாவின் பெயர் பட்டறையின் எந்தப் பதிவிலும் இல்லை. அவர்கள் கண்ணில் படக்கூடாது என்று முதலாளி நல்லமுத்து அவளை உலர்த்தும் அறைக்குள் அனுப்பி, தன் கையாலேயே கதவைப் பூட்டினார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அதிகாரிகளோடு சாப்பிடப் போய்விட்டார். அந்த அறையின் வெப்பத்தை அவருடைய கைபேசிதான் ஆண்டது. குறித்த நேரத்துக்கு அது தானாக ஏறத் தொடங்கியது.

அவர் பூட்டியதைப் பார்த்தவர்கள் இரண்டு பேர். துணி சரிபார்க்கும் பிரிவில் இருந்த செல்வி. கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் சின்னராசு.

சின்னராசுவை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. குருசாமி என்பார்கள். கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்குப் போகிறவர்களுக்கு மாலை போட்டுவிடுவது, இருமுடி கட்டுவது, கூட்டிப் போய் கூட்டி வருவது எல்லாம் அவர்தான். செல்வி மட்டும் அவரை அண்ணா என்பாள்.

பட்டறையில் கேமரா இருந்தது. ஆனால் படங்களை நம்ப முடியாத காலம் வந்துவிட்டிருந்தது. முதலாளி பூட்டுவது போல ஒரு படம் நீதிமன்றத்துக்கு வந்தது. கதவருகில் யாருமே இல்லாதது போல இன்னொன்றும் வந்தது. இரண்டும் அச்சு அசல். எதை வேண்டுமானாலும் எவர் வேண்டுமானாலும் உட்கார்ந்த இடத்தில் உருவாக்கிவிடலாம் என்றான பிறகு, நீதிமன்றங்கள் படங்களை ஒதுக்கிவிட்டுப் பழையபடி மனிதர்களின் கண்ணையும் வாயையும் நம்பத் தொடங்கியிருந்தன. மனிதர்களை விலைக்கு வாங்கலாம் என்பதால் கூடவே சத்தியக் காப்பும் வந்தது.

காப்பு என்றால் சாட்சிக் கூண்டில் ஏறியதும் இடது மணிக்கட்டில் மாட்டும் ஒரு வளையம். கடவுளின் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். சட்டத்தில் எப்போதும் இருந்த இரண்டு வழிகள்தான். சொன்ன சத்தியம் சொன்னவரைக் கட்டினால் கூண்டுக்கு மேலே பச்சை எரியும். கட்டாவிட்டால் சிவப்பு. சிவப்பு எரிந்தால் அந்தச் சாட்சி செல்லாது. மாற்றிச் சொல்லிப் பார்க்க இடமில்லை. அந்த விளக்கை மண்டபத்தில் இருக்கிற எல்லோரும் பார்க்கலாம்.

அதற்குப் பிறகு ஊர் ஒரு மாதிரி ஆகிவிட்டது. முன்பெல்லாம் நெற்றி நிறைய நீறு பூசியவரும் கறுப்புச் சட்டைக்காரரும் ஒரே கடையில் தேநீர் குடித்துக்கொண்டே ஒருவரையொருவர் வாயாரத் திட்டிக்கொள்வார்கள். இப்போது இரண்டு தரப்பும் குரலைத் தாழ்த்திக்கொண்டன. யாருக்கு எது எரியும் என்று பார்ப்பதற்காகவே ஆட்கள் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். பெண் கொடுக்கிறவர்கள்கூட, மாப்பிள்ளை எங்கேயாவது சாட்சி சொல்லியிருக்கிறாரா என்று விசாரித்தார்கள்.

நீதிமன்றத்துக்கு எதிரே சாதிக் பாயின் ஜெராக்ஸ் கடை. பின்னறையில் ஒரு பழைய காப்பு வைத்திருந்தார். சாட்சிகள் அங்கே வந்து ஒத்திகை பார்ப்பார்கள். விசாரணைக்கு முந்தின நாள் செல்வியையும் அரசுத் தரப்பு வக்கீலம்மா அங்கே அனுப்பினார்.

“உங்களுக்கு எதுக்கும்மா ஒத்திகை? உங்கப்பா பேரச் சொன்னாலே பச்ச எரியுமே,” என்று சிரித்துக்கொண்டே மாட்டிவிட்டார் பாய்.

செல்வி உளமார உறுதி கூறினாள். சிவப்பு எரிந்தது.

பாய் சிரிப்பை நிறுத்தினார். வளையத்தைத் துடைத்து மறுபடி மாட்டினார். மறுபடியும் சிவப்பு.

“பாய், மெஷினு பழசு போல.”

“பழசுதாம்மா. ஆனா பொய் சொல்லக் கத்துக்கல.” கொஞ்சம் தயங்கினார். “இன்னொண்ணையும் சொல்லிப் பாருங்க. சும்மாதான்.”

அவள் கடவுளின் பெயரைச் சொன்னாள். மேடையில் அப்பா கிண்டலுக்குச் சொல்வது போல, வாயோரத்தில்தான் சொன்னாள். பச்சை எரிந்தது.

“எனக்கு நம்பிக்கை கிடையாது பாய்.”

“நம்பிக்கைய இது பாக்காது. சாமி இருக்கா இல்லையான்னும் இதுக்குத் தெரியாது. பொய்யைப் பிடிக்க எத்தனையோ மெஷின் கொண்டாந்தாங்க. நல்லாப் பொய் சொல்றவன் தப்பிச்சிட்டான், பயந்தாங்கொள்ளி மாட்டிக்கிட்டான். அதனால அத விட்டுட்டு இதப் புடிச்சாங்க. சொல்லும்போது உள்ள ஏதாச்சும் உங்கள இழுத்து நிறுத்துதான்னு பாக்கும், அவ்ளோதான். எது நிறுத்துதோ அது பேருல சொன்னாத்தான் பச்ச.”

எது நிறுத்துகிறது என்று செல்விக்குத் தெரிந்துவிட்டது.

மகன் நவிலனுக்கு மூன்று வயதிருக்கும்போது காய்ச்சல் விடாமல் அடித்தது. மருத்துவர், இன்று போகட்டும், பார்க்கலாம் என்றார். அந்தப் ‘பார்க்கலாம்’ அவளை ஆட்டிவிட்டது. பட்டறையில் இருந்து கொண்டுவந்த மாதிரித் துணிகளில் மஞ்சளாக ஒன்றை எடுத்து, ஒரு ரூபாயை வைத்து முடிந்து, மாரியம்மா என்று ஒரே ஒரு தடவை சொல்லி, துவரம்பருப்பு டப்பாவுக்குள் புதைத்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியது. கொண்டுபோய் உண்டியலில் போட்டுவிடலாம் என்று டப்பாவைத் திறந்தபோது முடிச்சைக் காணோம். பருப்பை முறத்தில் கொட்டிப் பார்த்தாள். அலமாரியை நகர்த்திப் பார்த்தாள். யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால் எதைத் தேடுகிறாய் என்பார்கள்.

வைத்தவள் கொடுக்கவில்லை. கொடுக்க முடியாதபடி யாரோ எடுத்துக்கொண்டார்கள். அப்படியானால் யார்? அன்றிலிருந்து நவிலன் ஒரு தடவை இருமினாலும் அவள் போய் அந்தப் பருப்பு டப்பாவைத் திறந்து பார்ப்பாள். எங்கிருந்தோ ஒரு கண் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது? அவருடைய ஒவ்வொரு கூட்டமும் அவளில்தான் முடியும். மூக்குக்கண்ணாடி வைக்கும் தகரக் கூட்டைத் திறந்து கண்ணாடியை மாட்டிக்கொள்வார், கூட்டின் மூடியை இரண்டு தட்டுத் தட்டுவார், பேசுவார். “என் மகளைப் பாருங்கள். வேண்டுதல் தெரியாது, விரதம் தெரியாது, பயமும் தெரியாது. ஒரு குழந்தையைப் பயமில்லாமல் வளர்க்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?” கீழே உட்கார்ந்திருக்கும் செல்வி தலையைக் குனிந்துகொள்வாள். கூச்சம் என்று ஊர் நினைத்துக்கொள்ளும்.

ஊருக்கு ஒன்றும் வீட்டுக்கு ஒன்றும் பேசுகிறவரும் இல்லை அவர். ஆண்கள் சமைக்க வேண்டும் என்று மேடையில் சொன்னதற்காக, ஞாயிற்றுக்கிழமை சாம்பாரை இன்றைக்கும் அவர்தான் வைக்கிறார்.

கடையை விட்டு வெளியே வந்தபோது வாசல் பெஞ்சில் குருசாமி உட்கார்ந்திருந்தார். கறுப்பு வேட்டி, கழுத்தில் மாலை. அவர் காலையிலேயே ஒத்திகை பார்த்துவிட்டதாகப் பாய் சொல்லியிருந்தார். இன்னும் ஏன் போகவில்லை?

“மாத்தி எரிஞ்சுதுங்களா அம்மிணி?” என்றார் அவர், சாலையைப் பார்த்தபடி.

செல்விக்குத் தூக்கிவாரிப் போட்டது. “பாய் சொன்னாருங்களா?”

“அவரு சொல்ல மாட்டாரு. உம்மொகம் சொல்லுது. எனக்கும் மாத்தித்தான் எரிஞ்சுது.”

அவள் அவருடைய மாலையைப் பார்த்தாள்.

“நம்பிக்க எப்பப் போச்சுன்னு கேக்காத, எனக்கே தெரியாது. எம்பட பொண்டாட்டி சாகல, வீடு எரியல. ஒரு வருசம் மலையிறங்கி வரும்போது பாத்தேன், சும்மா ஒரு மலையேறி எறங்கியிருக்கேன். அவ்வளவுதான்.” மாலையின் மணிகளை உருட்டினார். “விட்டர்லாம்னுதான் இருந்தேன். ஆனா இந்தப் பசங்க இருக்கானுங்களே, மாலை போட்டாத்தான் குடிக்க மாட்டானுங்க. அவனுங்க பொண்டாட்டிமாருங்க எங்கிட்ட வந்து, சாமி, இந்த வருசமும் போட்டுவுடுங்கன்னு நிக்கிறாங்க. நான் என்ன பண்ணட்டும்?”

“நாளைக்கு?”

“ஒருத்தருக்குப் பச்ச எரிஞ்சாப் போதும்னு வக்கீலம்மா சொன்னாங்க.”

ஊர் எதிர்பார்க்காத சத்தியத்தை ஒருவர் சொன்னால் போதும், மற்றவர் தப்பித்துக்கொள்ளலாம். நான் சொல்கிறேன் என்று அவர் சொல்வார் என அவள் காத்திருந்தாள். அவரும் அதற்காகத்தான் காத்திருக்கிறார் என்று தெரிந்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

“மொதல்ல யாரக் கூப்புடறாங்களோ பாப்போம்,” என்று அவர் எழுந்துகொண்டார்.

வீட்டில் அப்பா கேட்டார்: “ஒத்திகைக்குப் போனியாம்மா? என்ன எரிஞ்சுது?”

“பச்சைதானுங்கப்பா.”

“பின்னே?” என்று சிரித்தார். சிரித்த பிறகும் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் நீதிமன்றம் முழுக்க ஒரே கறுப்பு. இந்தப் பக்கம் அப்பாவின் தோழர்கள், கறுப்புச் சட்டையில். அந்தப் பக்கம் குருசாமி மாலை போட்டுவிட்ட பையன்கள், கறுப்பு வேட்டியில். வெளியூர்க்காரர் யாராவது வந்து எட்டிப் பார்த்திருந்தால் எல்லோரும் ஒரே கூட்டம் என்றுதான் நினைத்திருப்பார். முதலாளி நல்லமுத்து இரண்டு பக்கத்துக்கும் வணக்கம் வைத்தார். கோயில் கும்பாபிஷேகத்துக்கும் தோழர்களின் படிப்பகத்து மின்விசிறிக்கும் ஒரே மாதிரி அள்ளிக் கொடுத்தவர். அவருடைய முகத்தில் கவலை இல்லை. இந்த இரண்டு சாட்சிகளும் செல்லாமல் போனால் வழக்கு இன்றோடு முடிந்துவிடும். கதவு தானாகச் சிக்கிக்கொண்டதாக ஆகிவிடும். கடைசிப் பெஞ்சில் மயிலாவின் அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முதலில் குருசாமியைக் கூப்பிட்டார்கள்.

அவர் ஏறினார். காப்பை மாட்டினார்கள். எழுத்தர் வழக்கம்போல, “கடவுளின் பெயரால்…” என்று எடுத்துக்கொடுத்தார்.

“இல்லீங்க. உளமாரங்கறத சொல்லிக்கறேன்.”

சொன்னார். பச்சை எரிந்தது.

பையன்கள் அவர் கழுத்து மாலையையே பார்த்தார்கள். அப்பா பக்கத்தில்தான் சலசலப்பு எழுந்தது. குருசாமி நிமிராமல், பார்த்ததைச் சொல்லிக்கொண்டே போனார். முதலாளி பூட்டினார். சாவியைப் பையில் போட்டார். நானும் செல்வியும் கடப்பாரையால் அடித்துப் பார்த்தோம். திறக்க முடியவில்லை.

தப்பித்தோம் என்று செல்வி நினைத்தாள். அது ஒரு நொடிதான் நீடித்தது. முதலாளியின் வக்கீல் எழுந்தார்.

“மாலை போட்டிருக்கீங்க. எத்தனை பேருக்கு மாலை போட்டுவிட்டிருக்கீங்க?”

“எண்ணிக்கை வெச்சுக்கலீங்க.”

“அவங்க எல்லாரையும் ஏமாத்தியிருக்கீங்க. சாமி பேரச் சொல்லி, இல்லாத நம்பிக்கைய இருக்கற மாதிரி நடிச்சு, வருசக்கணக்கா. அப்படிப்பட்ட ஆளு இன்னிக்கு மட்டும் ஏன் உண்மை பேசணும்?”

குருசாமி வாயைத் திறந்தார். பையன்கள் பக்கம் பார்த்தார்.

நீதிபதி ஏதோ எழுதிக்கொண்டு இடைவேளை விட்டார்.

வராந்தாவில் குருசாமி இறங்கியதும் பையன்கள் விலகி வழி விட்டார்கள். யாரும் திட்டவில்லை. ஒருவன் மட்டும் தன் கழுத்து மாலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். போட்டுவிட்டவர் கையால்தான் கழற்ற வேண்டும். இந்தக் கையால் கழற்றலாமா, கூடாதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து அப்பா வந்து, தன் தோளில் இருந்த கறுப்புத் துண்டை எடுத்துக் குருசாமிக்குப் போர்த்தினார். தோழர்கள் கைதட்டினார்கள்.

“தைரியம்னா இதுதான். அடுத்த வாரக் கூட்டத்துல நீங்க பேசறீங்க,” என்றார் அப்பா.

“எனக்குப் பேச வராதுங்க,” என்றார் குருசாமி. துண்டை எடுக்கவும் இல்லை, இழுத்து விடவும் இல்லை. துவைத்த துணியைக் கொடியில் போட்டது போல அது அவர் மேல் கிடந்தது. அவர் கண்கள் செல்வியைத் தேடின. அவள் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

வக்கீலம்மா அங்கேயே வந்து பிடித்தார். “செல்வி, அவரோட பேரக் கெடுத்துட்டாங்க. ஒருத்தர் பத்தாது, ரெண்டாவது சாட்சி வேணும். உனக்குப் பச்சை எரிஞ்சாத்தான் இந்தக் கேஸ் நிக்கும். பிரச்சனை ஒண்ணும் இல்லையே?”

“இல்லீங்க,” என்றாள் செல்வி.

கூண்டில் நின்றபோது காப்பு குளிர்ந்து கிடந்தது. அப்பா முன்வரிசையில், கண்ணாடி மாட்டிக்கொண்டு, கூட்டை மடியில் வைத்தபடி. இரண்டு விரல்கள் மூடியின் மேல்.

“உளமார…” என்று எழுத்தர் எடுத்துக்கொடுத்தார். கேட்க வேண்டிய அவசியமே இல்லை என்பது போல.

உளமார என்று சொல்லிவிட்டால் சிவப்பு எரியும். எல்லோரும் கருவிக் கோளாறு என்பார்கள். அப்பாவே அப்படித்தான் சொல்வார், நம்பியும் விடுவார். வழக்கு மட்டும் போய்விடும். மயிலாவின் அம்மா முந்தானையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தாள்.

“கடவுளின் பெயரால்,” என்றாள் செல்வி. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, முதலில் இருந்து சத்தமாக, “கடவுளின் பெயரால் ஆணையிட்டுக் கூறுகிறேன்.”

பச்சை.

அவள் விளக்கைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்க்கவில்லை. நடந்ததைச் சொன்னாள். முதலாளியின் வக்கீல் புன்னகையோடு எழுந்து வந்தார்.

“நீங்களும் இத்தனை வருசமா ஊரை ஏமாத்தியிருக்கீங்க. பெத்த அப்பாவையே ஏமாத்தியிருக்கீங்க, இல்லையா?”

“ஆமாங்க. என்னப் பத்தி ஏமாத்துனேன். கதவப் பத்தி ஏமாத்தல.”

“கதவு சிக்கியிருந்திருக்கலாமே? உள்ள இருந்த பொண்ணு பூட்டிட்டாங்கன்னு கத்தினதா நீங்க ரெண்டு பேருமே சொல்லலையே?”

“அவ அப்படிக் கத்தலீங்க. எம் பேரத்தான் கூப்புட்டா. செல்வியக்கா, செல்வியக்கான்னு. சத்தம் நிக்கற வரைக்கும் வேற யாரையும் கூப்புடல.”

வக்கீல் போய் உட்கார்ந்தார். நீதிபதிதான் கேட்டார்: “அந்தச் சாவியில என்ன கட்டியிருந்தது?”

“நீலத் துணிங்கய்யா. மாதிரித் துணியில கிழிச்ச துண்டு.”

நீதிபதி வெளியே வராந்தாவில் இருந்த குருசாமியை உள்ளே கூப்பிட்டு, அதே கேள்விக்கு எழுத்தரின் காதோடு பதில் சொல்லச் சொன்னார். எழுத்தர், அதே பதில்தான் என்று தலையசைத்தார். இதைப் பற்றி அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. நீதிபதி, வழக்கு நிற்கிறது என்றார், முதலாளியின் ஜாமீனை ரத்து செய்கிறேன் என்றார். நல்லமுத்து முதல் தடவையாகக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். மயிலாவின் அம்மா அழும் சத்தம் பின்னால் கேட்டது.

கூட்டம் கலைந்த பிறகு செல்வி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தோழர்கள் அவளைக் கடந்து போனார்கள். குருசாமி முற்றத்தில் ஒரு வேப்பமரத்தடியில் நின்று, அந்தப் பையன் குனிந்து காட்டிய கழுத்தில் இருந்து மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தார். கறுப்புத் துண்டு பெஞ்சின் மூலையில் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

அப்பா வந்தார். அவள் எழுந்து நின்றாள். அடிப்பாரா, கத்துவாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் இதுவரை இரண்டும் செய்ததில்லை.

“அப்பா, நவிலனுக்குக் காய்ச்சல் வந்தப்ப…” என்று ஆரம்பித்தாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். தகரக் கூட்டைத் திறந்தார். கண்ணாடியை உள்ளே வைக்காமல், அடியில் விரித்திருந்த துடைக்கும் துணியை விரலால் தூக்கினார். அதற்குக் கீழே இருந்து ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

சின்ன மஞ்சள் முடிச்சு. கறுத்துப் போயிருந்தது. ஓரம், பட்டறையில் மாதிரித் துணிக்கு வெட்டுவது போல, பல் பல்லாக இருந்தது. உள்ளே ஒரு ரூபாய் தடிப்பாகத் தட்டுப்பட்டது. மடிப்பில் ஒரு துவரம்பருப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவர் சாம்பாருக்குப் பருப்பு அள்ளிய ஒரு ஞாயிற்றுக்கிழமையாக இருந்திருக்கும்.

செல்வி நிமிர்ந்தாள். இத்தனை வருடம் அவளை எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருந்த கண் எதிரே இருந்தது. கண்ணாடி இல்லாமல், ஈரமாக, சரியாகப் பார்வை தெரியாமல். அவளை ஊர்ச் சிரிப்பில் இருந்து காப்பாற்ற எடுத்தாரா? தன் பேச்சைக் காப்பாற்றிக்கொள்ளவா? எடுத்தவர் ஏன் தூக்கி எறியவில்லை? மேடைக்கு மேடை இதன் மேல்தான் இரண்டு தட்டுத் தட்டினாரா?

அப்பா கூட்டை மூடினார். இந்த முறை தட்டவில்லை. கண்ணாடியை மாட்டாமலே, படியில் காலால் தடவித் தடவி இறங்கி, வேப்பமரத்தைத் தாண்டிப் போனார்.